தகரம் என்கிறோம், மேலே இருப்பது துத்தநாகம்: மும்பைக் கூரைக்கு ஒரு முழு வழிகாட்டி

மே மாதம் பாதி தாண்டிவிட்டால் தாராவியில் சந்துக்குச் சந்து டிரில் மெஷின் சத்தம்தான். ஒருவர் கூரை மேல் உட்கார்ந்து பழைய ஷீட்டைக் கழற்றுவார், கீழே நிற்பவர் புதுசை நிமிர்த்திப் பிடித்துக் கொடுப்பார், தண்ணீர் பிடிக்க வந்த அக்காமார் குடத்தோடு ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கிவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடைசி வரை இந்தக் கூரை வேலைதான் பார்த்தார். நான் ஸ்க்ரூ டப்பா பிடித்துக்கொண்டு கூடவே போனவன், இப்போது சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி ஷீட் நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "மேலே எத்தனை கிராம் துத்தநாகம் வேண்டும்?" இதைக் கேட்டதும் முகத்தைப் பார்ப்பார்கள். மும்பையில் ஒரு கூரை எத்தனை மழை தாங்கும் என்பது பெரும்பாலும் அந்தக் கிராம் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் படி: பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் பளபளப்பான மெல்லிய தகடு எதுவானாலும் தகரம். இங்கே மராத்திக்காரர்களோடு பழகிப் பழகி நாமும் பத்ரா என்கிறோம். இரண்டுமே உள்ளே இருக்கும் உலோகத்தைச் சொல்வதில்லை. தகரம் என்பது வெள்ளீயத்துக்கு உள்ள பெயர். பிஸ்கட் டின், எண்ணெய் டின் எல்லாம் இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசியவை. கூரை ஷீட்டின் மேல் பூசியிருப்பது துத்தநாகம், அதாவது ஜிங்க். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் குணம் நேர் எதிர். அதை அடுத்த படியில் காட்டுகிறேன்.

கடையில் கேட்கும்போது இந்திக்காரரிடம் ஜஸ்தா, மராத்திக்காரரிடம் ஜஸ்த் என்று சொன்னால் புரியும். சித்த மருத்துவத்தில் வெறும் நாகம் என்றாலே துத்தநாகம்தான், நாக பற்பம் செய்வது இதிலிருந்து. ஆனால் ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம், அது நஞ்சு. அங்கே துத்தநாகத்துக்கு யசதம் என்று வேறு பெயர். ஒரே சொல் இரண்டு வைத்தியத்தில் இரண்டு உலோகத்தைக் குறிப்பதால், பற்பம், பஸ்பம் என்று யாராவது கையில் கொடுத்தால் எந்த முறைப்படி செய்தது என்று தேர்ந்த வைத்தியரிடம் கேட்காமல் வாயில் போடக் கூடாது.

இந்த உலோகத்தை உருக்கிப் பிரித்ததில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தாமிரத்தையும் இரும்பையும் போல இதைச் சூளையில் போட்டு எடுத்துவிட முடியாது. 419 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். தாதுவிலிருந்து உலோகம் பிரிய அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஆக, பிரிந்த கணமே ஆவியாகிப் பறந்து, காற்றுப் பட்டு வெள்ளைச் சாம்பலாகிவிடும். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஜாவர் என்ற இடத்தில் இதற்கு வழி கண்டார்கள். கத்தரிக்காய் வடிவில் மண் குடுவை செய்து, தாதுவையும் கரியையும் அடைத்து, கவிழ்த்து வைத்து, மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த கலம். ஆவி மேலே போக வழியில்லாமல் கீழே இறங்கி உலோகமாகச் சொட்டும். ஒரு அடுப்பில் 36 குடுவை. 12-ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே அங்கே இது பெரிய தொழிலாக நடந்திருக்கிறது. ஐரோப்பாவில் பிரிஸ்டல் ஊர் வில்லியம் சாம்பியன் இதேபோல் ஆவியைக் கீழே இறக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1738-இல். எரிந்துபோன ஜாவர் குடுவைகள் மலை மலையாக அங்கேயே கிடக்கின்றன, சில வீட்டுச் சுவர்களே அவற்றை அடுக்கிக் கட்டியவை. நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கும்.

இரண்டாம் படி: வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள்

இதற்கு இரண்டு நாள் போதும். ஒரு துண்டு ஜிஐ கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, ஒரு துண்டு சாதா இரும்புக் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஐ கம்பியில் ஓர் இடத்தில் மட்டும், அரிசி அகலத்துக்கு, அரத்தால் தேய்த்து மேல்பூச்சை எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் இரும்பு தெரிய வேண்டும். இரண்டு பழைய பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றித் தனித்தனியாகப் போட்டு வையுங்கள்.

சாதா கம்பி மறுநாளே காவி நிறத்தில் பொருமியிருக்கும். ஜிஐ கம்பியில் தேய்த்த இடம் அப்படியே பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் உள்ள பூச்சில் மட்டும் வெள்ளையாக மாவு படிந்திருக்கும். இரும்பு திறந்துதான் கிடக்கிறது, ஆனாலும் துருவில்லை. பக்கத்தில் உள்ள துத்தநாகம் தான் கரைந்து அதைக் காப்பாற்றுகிறது. இரும்பைவிடத் துத்தநாகம் எளிதாக எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும், இரண்டும் ஒட்டியிருந்து ஈரமும் பட்டால் அரிப்பு முதலில் துத்தநாகத்தில்தான் நடக்கும்.

பிஸ்கட் டின்னைக் கீறிப் பார்த்தால் கதை தலைகீழ். வெள்ளீயம் இரும்பைவிட அரிப்புக்கு அசையாதது. பூச்சு முழுசாக இருக்கும்வரை மூடி வைக்கும், கீறல் விழுந்தால் இரும்பை முன்னால் தள்ளிவிடும், அந்தக் கீறலில் துரு வேகமாக இறங்கும். தகரத்துக்கும் துத்தநாகத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் கூரைக்கு இது உயிர்.

இரும்பை உருகிய துத்தநாகத்தில், சுமார் 450 டிகிரியில், முக்கி எடுக்கும் முறைக்கு 1837-இல் பிரெஞ்சு எஞ்சினியர் ஸ்தனிஸ்லா சொரேல் காப்புரிமை வாங்கினார். தவளைக் காலில் மின்சாரம் பார்த்த கால்வானியின் பெயரால் அது கால்வனைசிங் ஆனது, நம் வாயில் ஜிஐ. இன்றும் உலகில் எடுக்கிற துத்தநாகத்தில் ஏறக்குறைய பாதி இதற்கே போகிறது.

இதே தத்துவத்தைக் கட்டியாகவே பார்க்க வேண்டுமானால் மும்பை மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக் போய், கரையில் ஏற்றிப் பழுது பார்க்கும் இரும்புப் படகு ஏதாவது இருந்தால் அதன் அடிவயிற்றைப் பாருங்கள். சுக்கான் பக்கம் சோப்புக் கட்டி மாதிரி சாம்பல் நிறத் துண்டுகளைப் பொருத்தியிருப்பார்கள். கடல் அந்தத் துண்டைத் தின்னும், படகை விட்டுவிடும். பாதி கரைந்ததும் மாற்றுவார்கள். மற்ற இடமெல்லாம் பெயிண்ட் அடிப்பவர்கள் அதன் மேல் மட்டும் அடிக்க மாட்டார்கள், அடித்தால் அது வேலை செய்யாது.

மூன்றாம் படி: உங்கள் வீட்டுக்கு எத்தனை கிராம்?

ஷீட்டின் பூச்சை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் ஷீட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் என்று அர்த்தம். ஐஎஸ் 277 என்ற இந்தியத் தரத்தில் 120, 180, 275 என்று போகும். இதை 14-ஆல் வகுத்தால் ஒரு பக்கத்தில் எத்தனை மைக்ரான் தடிமன் என்று ஏறக்குறைய வந்துவிடும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 120 என்றால் எட்டரை மைக்ரான், 275 என்றால் பத்தொன்பதரை.

அடுத்தது காற்று. கடலோர நகரத்துச் சாதாரண இடத்தில் துத்தநாகம் ஆண்டுக்கு 2 முதல் 4 மைக்ரான் தேயும். அலை தெறிக்கும் தூரத்தில், அதாவது வொர்லி கோலிவாடா, வெர்சோவா மாதிரி இடத்தில், 4 முதல் 8 வரை போகலாம். சரி, நடுவாக 3 என்று வைத்துக்கொண்டால் 120 ஜிஎஸ்எம் ஷீட்டின் பூச்சு மூன்று வருடத்துக்குள் தீர்ந்துவிடும், 275 ஆறு வருடத்துக்கு மேல் நிற்கும். அதே இடத்தில் வெறும் இரும்பு ஆண்டுக்கு 50 முதல் 80 மைக்ரான் தேய்ந்துகொண்டிருக்கும். பூச்சு தீர்ந்த அன்றே ஓட்டை விழாது, ஆனால் அன்றிலிருந்து ஷீட் வெறும் இரும்புதான்.

கடைகளில் கை நிறையக் கிடைப்பது 120. மதுரையிலோ சேலத்திலோ அது போதுமானதாக இருக்கலாம், மும்பைக்குப் போதாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் கூலி கொடுத்துக் கூரை மாற்றுவதைவிட 275 வாங்குவதுதான் ஏழை வீட்டுக்கும் மலிவு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கால்வால்யூம் என்று இன்னொரு வகை வரும். அதன் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 துத்தநாகம், மீதி சிலிக்கான். அலுமினியம் கனம் குறைவு என்பதால் 150 ஜிஎஸ்எம் கால்வால்யூமே ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் வந்துவிடும். திறந்த வெளியில், மழை கழுவிவிடும் கூரையில், சாதா ஜிஐயைவிட அதிக நாள் நிற்கும். வெட்டின ஓரத்தையும் கீறலையும் காப்பாற்றுவதில் மட்டும் சுத்தத் துத்தநாகம் அளவுக்கு வராது. ஈர சிமெண்ட் பட்டாலும் அதற்கு ஆகாது. சுவரோடு பூசிப் புதைக்கிற இடத்துக்கு அதை வாங்காதீர்கள்.

நான்காம் படி: கடையில் ஏமாறாமல் வாங்குவது

மொத்தமாக வேண்டுமானால் நவி மும்பை கலம்போலி ஸ்டீல் மார்க்கெட், நாலைந்து ஷீட் என்றால் பக்கத்து ஹார்டுவேர் கடை, ஸ்க்ரூ வாஷருக்கு நாக்தேவி தெரு. எங்கே போனாலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, எடை. 0.50 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 3.9 கிலோ இருக்க வேண்டும். வளைவு போடுமுன் 1220 மி.மீ. அகலம், பத்தடி நீளம் இருந்த ஷீட் பதினான்கரை கிலோ வரும். 0.45 என்றால் பதிமூன்று. தராசில் பதினொன்றரை காட்டினால் உங்கள் கையில் இருப்பது 0.40. வளைவு போட்டபின் அகலம் குறைந்து தெரியும், எடை குறையாது, அதனால் இந்தக் கணக்கை யாரும் மறைக்க முடியாது. வாங்கும்போது 0.50 என்பது பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பா என்றும் கேட்டுவிடுங்கள்.

இரண்டு, அச்சு. ஷீட்டின் ஒரு பக்கம் தடிமன், ஜிஎஸ்எம், ஐஎஸ் எண் வரிசையாக அச்சடித்திருக்கும். அச்சே இல்லாத ஷீட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மேலே பூப்பூவாகப் படிகம் தெரிந்தால்தான் அசல் ஜிஐ என்று எங்கள் அப்பா காலத்தில் நம்பினார்கள். இப்போது பூ இல்லாமலேயே நல்ல ஷீட் வருகிறது, அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது, மயில்துத்தச் சோதனை. நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கொஞ்சம் வாங்கி, இனி எதற்கும் பயன்படுத்தாத பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக்கொள்ளுங்கள். நல்ல நீலமாக வரும். ஷீட்டின் ஓரத் துண்டை எண்ணெய் போகத் துடைத்து ஒரு சொட்டு விடுங்கள். துத்தநாகம் இருந்தால் சொட்டு விழுந்த இடம் கருத்து, பஞ்சு மாதிரி பொங்கும், விரலுறையால் துடைத்தால் வந்துவிடும். பூச்சு இல்லாத இரும்பு என்றால் கருக்காது, செப்புக் குடம் மாதிரி சிவப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். வெறும் சில்வர் பெயிண்ட் அடித்து ஜிஐ என்று விற்றதானால் ஒன்றுமே ஆகாது. எங்கள் பட்டறைக்கு ஜிஐ என்று சொல்லி வந்த ஒரு கட்டு ஆங்கிளை இப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒரே சொட்டு, நீலம் அப்படியே நின்றது. நகத்தால் சுரண்டி மறுபடி விட்டேன், உடனே சிவந்தது. மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பினேன். மயில்துத்தம் விஷம், கையுறை போடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கால்வால்யூமுக்கும் கலர் ஷீட்டுக்கும் இந்தச் சோதனை ஒத்துவராது, அவற்றுக்கு டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கொண்டு வந்ததிலிருந்து கூரை ஏறும்வரை

ஷீட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டு, மேலே பிளாஸ்டிக் மூடி, நாலு நாள் விட்டால் போச்சு. இடையில் ஈரம் நின்று வெள்ளை மாவாகப் பூத்துவிடும், இதை வெள்ளைத் துரு என்பார்கள். துத்தநாகம் காற்றும் வெயிலும் பட்டு உலர்ந்தால் மேலே கெட்டியான ஒரு படலம் கட்டிக்கொள்ளும், அதுதான் அதன் கவசம். காற்றில்லாமல் ஈரத்தில் அடைபட்டால் அந்தக் கவசம் கட்டவே கட்டாது, பூச்சு சும்மா கரைந்துகொண்டிருக்கும். அதனால் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், நடுவில் குச்சி கொடுத்துக் காற்றோட்டம் விடுங்கள்.

வெட்டுவதற்குத் தகடு வெட்டும் கத்தரியோ, தகட்டைக் கொறித்து வெட்டும் நிப்ளரோதான். கிரைண்டர் வைத்து வெட்டினால் சூட்டில் ஓரப்பூச்சு எரிந்துபோகும், தெறிக்கிற பொறி ஷீட்டில் பதிந்து ஒரு மழையிலேயே காவிப் புள்ளி விழும். ஓட்டை போட்ட இரும்புத் தூளை அன்றே துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுங்கள். மாலையில் வேலை முடிந்ததும் அப்பா எனக்குக் கொடுத்த முதல் வேலையே அதுதான்.

இங்கே மழைக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஷீட் போடுவதைக் காற்றுக்கு எதிர் ஓரத்திலிருந்து, அதாவது கிழக்கே தொடங்கி மேற்கே வாருங்கள். அப்போதுதான் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டும், சாரல் உள்ளே ஏறாது. மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் ஏறி நிற்கும் ஏற்றம் ஓர் அரை அடியாவது வேண்டும், சரிவு குறைவான கூரைக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஸ்க்ரூவை மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்டது மாதிரி.

அந்த ஸ்க்ரூவில்தான் பாதிக் கூரை வீணாகிறது. மஞ்சளாக மின்னும் மலிவு ஸ்க்ரூவில் மின்முலாமாக ஏறியிருக்கும் துத்தநாகம் பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான்தான். 275 ஷீட் வாங்கி இதை அடித்தால் ஷீட் இருக்கும், ஸ்க்ரூ தலை இரண்டாம் மழையில் காவி வழிந்து ரப்பரை விட்டுவிடும். கூரைக்கென்றே தடித்த பூச்சோடு, ரப்பர் வாஷரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு சேர்க்கை ஆகவே ஆகாது. செம்பு பட்ட தண்ணீர் துத்தநாகத்தில் விழக் கூடாது. மாடி வீட்டு ஏசியின் தண்ணீர் உங்கள் கூரையில் ஒரே இடத்தில் சொட்டினால் அந்த இடம் மட்டும் வட்டமாக அரித்துப்போகும், ஏசிக்குள் இருப்பது செம்புக் குழாய். ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டி விடச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம், காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள். ஈர சிமெண்டும் அப்படித்தான், காய்கிற வரை காரத்தால் அரிக்கும். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

கீறலுக்கும் வெட்டு ஓரத்துக்கும் ஜிங்க் ரிச் பெயிண்ட் தொட்டு வையுங்கள். காய்ந்த படலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் துத்தநாகத் தூள் இருக்க வேண்டும், டப்பாவில் படித்துப் பாருங்கள். வெறுமனே ஜிங்க் பெயிண்ட் என்று கேட்டால் மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமரைக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு, அதிலுள்ள குரோமியம் உடம்புக்கும் கெடுதல். அலுமினியம் சில்வர் பெயிண்டும் துத்தநாகம் ஆகாது. துருவைச் சுரண்டி உலோகம் மின்னும் வரை தேய்த்த பிறகுதான் தொட வேண்டும், துருவின் மேல் அடித்தால் இரும்பைத் தொடாது, தொடாவிட்டால் காக்காது. புது ஜிஐயில் நேரடியாக எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்காதீர்கள், உரிந்துவிடும்.

ஆறாம் படி: நீலத் தார்ப்பாயை யோசித்துப் போடுங்கள்

இதைச் சொன்னால் எங்கள் தெருவில் பலருக்குக் கோபம் வரும். மழைக்கு முன்னால் கூரை முழுக்க நீலத் தார்ப்பாய் விரித்து, மேலே செங்கலும் பழைய டயரும் வைத்துவிடுகிறோம். ஒழுகுகிற கூரைக்கு அது வேண்டியதுதான். நல்ல கூரைக்கு அது கெடுதல். தார்ப்பாய்க்கும் ஷீட்டுக்கும் நடுவே நுழைந்த உப்பு ஈரம் அக்டோபர் வரை காயாது. ஷீட்டுகளைப் படுக்கப் போட்டு மூடி வைத்தால் என்ன ஆகுமோ அதேதான் நாலு மாதமும் நடக்கும்.

ஒழுகினால் எந்த ஸ்க்ரூ, எந்த ஏற்றம் என்று பார்த்து அதை மட்டும் சரி செய்யுங்கள். தார்ப்பாய் போட்டே ஆக வேண்டுமென்றால் மழை நின்ற மறுவாரமே எடுத்துவிடுங்கள், தீபாவளி வரை விடாதீர்கள். மழை படாத இடங்களை, அதாவது தாழ்வாரத்து அடிப்பக்கம், ஷட்டர் பெட்டியின் உள்பக்கம், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். மழை கழுவாத இடத்தில்தான் கடல் உப்பு தங்கும், துரு முதலில் வருவதும் அங்கேதான்.

ஏழாம் படி: வெல்டிங் செய்பவர்களுக்கு

சித்தப்பா ஒரு ஜூலை மாதம் ஜிஐ பைப்பில் கேட் வெல்டிங் செய்துவிட்டு வந்தார். மூடிய பட்டறை, வெளியே மழை. ராத்திரி பத்து மணிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, இரண்டு கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. வாயெல்லாம் காசு சப்பின மாதிரி இனிக்கிறது என்றார். மும்பை மழைக்காலம், எல்லாரும் மலேரியா என்றோம். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, மறுநாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த டாக்டர்தான் நிதானமாக, "நேற்று என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

வெல்டிங் சூட்டில் துத்தநாகம் கொதித்து வெள்ளைப் புகையாக வரும். அதை இழுத்தால் நாலு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் குளிரும் காய்ச்சலும் வரும், ஒன்றிரண்டு நாளில் போகும். உலோகப் புகைக் காய்ச்சல் என்று இதற்குப் பெயர். பால் குடித்தால் வராது என்று பட்டறைக்குப் பட்டறை சொல்வார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. பற்ற வைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் பூச்சைத் தேய்த்து எடுங்கள், புகையை வெளியே இழுக்கும் விசிறி வையுங்கள், வெல்டிங் புகைக்கான மாஸ்க் போடுங்கள். கைக்குட்டை கட்டுவது போதாது. மூச்சு இரைப்போ நெஞ்சு அடைப்போ இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி போங்கள். வேலை முடிந்ததும் தேய்த்த இடத்தில் ஜிங்க் ரிச் அடிக்க மறக்காதீர்கள்.

எட்டாம் படி: அடுப்படியிலும் உடம்பிலும்

பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும். வெண்கலம் தாமிரமும் வெள்ளீயமும். பைதோனி பக்கம் தாம்பா காட்டாவில் குத்துவிளக்கோ பொங்கல் பானையோ வாங்கப் போனால் கேட்டு வாங்குங்கள். பழைய பித்தளையில் சிவப்புத் திட்டு விழுந்தால் அந்த இடத்தில் துத்தநாகம் கரைந்து தாமிரம் மட்டும் நிற்கிறது என்று அர்த்தம். குழாய், வால்வு மாதிரி அழுத்தம் தாங்க வேண்டிய சாமானில் அப்படிக் கண்டால் மாற்றிவிடுங்கள்.

புளி, மோர், எலுமிச்சை எதையும் ஜிஐ வாளியிலோ டிரம்மிலோ வைக்கவே கூடாது. கோயில் கொடைக்குப் பானகம் கரைக்க கைக்குக் கிடைத்த டிரம்மை எடுத்துவிடுகிறோம். புளிப்பு துத்தநாகத்தைக் கரைக்கும், குடித்தவர்களுக்கு அரை மணியில் வாந்தி எடுக்கும். எவர்சில்வர் அண்டா இல்லையென்றால் உணவுக்கான பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள்.

ஆனால் அளவாக இது உடம்புக்கு வேண்டியதும்கூட. வளர்ந்த ஒருவர் உடம்பில் இரண்டு மூன்று கிராம் துத்தநாகம் இருக்கிறது. குறைந்தால் பிள்ளைகள் வளர்ச்சி குன்றும், புண் ஆறத் தாமதமாகும். 1960-களில் ஈரானிலும் எகிப்திலும் குட்டையாக நின்றுபோன இளைஞர்களைப் பார்த்து இந்தக் குறையைக் கண்டவர் ஆனந்த பிரசாத் என்ற இந்திய வம்சாவளி டாக்டர். இறைச்சி, நண்டு, கொண்டைக்கடலை, எள், பூசணி விதை எல்லாவற்றிலும் உண்டு. தானியத்திலும் பருப்பிலும் உள்ளதை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் ஃபைட்டேட் என்ற பொருள் தடுக்கும், ஊறவைத்து முளைகட்டினாலோ மாவைப் புளிக்கவைத்தாலோ அது குறையும். நம் இட்லி மாவு ராத்திரி முழுக்கச் செய்வது அந்த வேலைதான்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு சகஜம். ஓஆர்எஸ் கொடுக்கத் தாய்மாருக்குத் தெரிந்திருக்கிறது, கூடவே துத்தநாக மாத்திரையும் தர வேண்டும் என்பது தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் சொன்ன அளவு: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10, பத்து முதல் பதினான்கு நாள். போக்கு நின்ற பிறகும் நாள் கணக்கை முடிக்க வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் தண்ணீரில் கரையும் மாத்திரையாகக் கிடைக்கும், டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். பெரியவர்கள் சத்து என்று சொல்லி மாதக்கணக்கில் தாமாக விழுங்க வேண்டாம், அதிகமானால் உடம்பில் தாமிரம் குறைந்துபோகும்.

கடைசிப் படி: அக்டோபரில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்

மழை நின்று கூரை நன்றாகக் காய்ந்ததும் காலை வெயிலில் ஏறுங்கள். பாதத்தை ஷீட்டைத் தாங்கும் சட்டத்தின் மேல் வைத்து நடங்கள், வெறும் ஷீட்டில் வைக்காதீர்கள். மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் கவசம் நன்றாகக் கட்டியிருக்கிறது, தேய்த்துப் பளபளப்பாக்க நினைக்காதீர்கள். வெள்ளை மாவு திட்டுத் திட்டாக இருந்தால் நார்த் தூரிகையால் தட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காய விடுங்கள். ஸ்க்ரூ தலையில் காவி தெரிந்தால் அந்த ஸ்க்ரூவை அன்றே மாற்றுங்கள். ஷீட்டின் நடுவில் காவி படர ஆரம்பித்திருந்தால் அந்த இடத்துத் துத்தநாகம் முடிந்துவிட்டது. தேய்த்து ஜிங்க் ரிச் இரண்டு கோட் அடித்தால் இன்னும் ஒன்றிரண்டு மழை ஓட்டலாம், அதற்குள் புது ஷீட்டுக்குக் காசு சேர்த்துவிடுங்கள்.

கழற்றிய பழையதைப் பங்கார்வாலாவிடம், அதாவது பழைய இரும்புக்காரரிடம், எடைக்குப் போடும்போது, காவி ஏறாத ஷீட் இரண்டையாவது எடுத்து வையுங்கள். கழிவறைக் கதவுக்கு அடிக்க, தண்ணீர் டிரம்முக்கு மூடி செய்ய உதவும்.